சாயம் போன மணிக்காகப் போட்ட சண்டை

ஜனவரி 9

அன்புத் தங்கை குருவிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உன் சளி விட்டதா? போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் கத்துகிறேன் என்று போன வருஷம் மார்ச் பதினேழாம் தேதி பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். கடிதத்தில் என்னை யாரும் பாதியில் வைக்க முடியாது.

பின்பக்க அறையைக் காலி செய்துவிட்டேன். உடைந்த நாற்காலி, பழைய பாய், பேத்தியின் தொட்டில் எல்லாம் வெளியே போய்விட்டன. ஜூன் பிறந்ததும் தண்ணீர் வரி ஆபீஸ் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். நீ நேராக இங்கே வருகிறாய். இது நான் சொன்னதில்லை, நீயே சொன்னது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கையில் நனைந்த குடையோடு என் சமையலறை வாசலில் நின்று, "ரிட்டயர் ஆனதும் உன்கூடத்தான்க்கா இருப்பேன்" என்றாய். நீ மறந்திருப்பாய். மகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு இந்த வீடு சாயந்திரம் வரை சும்மா கிடக்கிறது, நானும்தான். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாதர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் வெள்ளிக் கம்பி வகுப்புக்குப் போகிறேன் அல்லவா. நெருப்பு கிடையாது, பற்றவைப்பு கிடையாது. மெல்லிய கம்பியில் கல் மணியைக் கோத்து, குறட்டால் வளைத்து, கம்பியைக் கம்பி மேலேயே சுற்றி இறுக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு ஏற்ற வேலை. கை சொன்னதைக் கேட்டால் போதும்.

உன் ஆபீசுக்குப் பின்தெரு மணிக்கடையிலிருந்து தபாலில் நீலப்பச்சைக் கல் ஒரு சரம் வரவழைத்தேன். ஆறு ஜோடித் தொங்கட்டான் செய்து, பளபளப்புக்காகச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் நீலமானது, கல் வெள்ளையானது. அதற்கு முன்பே ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்ட தையல்காரிக்குக் காதுமடல் இன்னும் நீலம். வகுப்பே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ போய் அந்தச் சாயக்காரனோடு சண்டை போட வேண்டும். எனக்குக் காசு வேண்டாம், நிஜக் கல் வேண்டும். உனக்குச் சண்டை போட வராது. அதனால் சண்டையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவன் எதிரில் நின்று ஒரு வார்த்தை விடாமல் படி.

அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, வைராக்கியமாக நடந்துகொண்டிருக்கிறாயா?

முதல் நாள் கடை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மறுநாள் உள்ளே நுழைந்தேன். சின்னக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எதில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு மணி ஒட்டியிருந்தது. கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன வேணும்மா?" என்றார்.

"உங்ககூட சண்டை போட வந்திருக்கேன்."

"நின்னுக்கிட்டேவா? உக்காந்து போடுங்க" என்று நாற்காலியை நகர்த்தினார்.

எங்க அக்கா எழுதிக் கொடுத்தது என்று சொல்லிவிட்டு, நீ சொன்னபடி நின்றுகொண்டே படித்தேன். "நீ வித்தது கல்லா, சுண்ணாம்புக்கட்டியா?" வரை நன்றாகப் போயிற்று. "உன் கடையில சாயம் வெளுக்காத ஒரே சாமான் உன் தலைமுடியாத்தான் இருக்கும்" என்ற வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா, அந்தத் தலையில் ஒரு முடி இல்லை. மேலே எரிந்த விளக்கு அதில் அப்படியே தெரிந்தது. தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு, "உங்க அக்கா சொன்னது சரிதாங்க. இது இனிமே வெளுக்கவே வெளுக்காது. மேல படிங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். தப்புதான்.

பிறகு அதே கல்லின் இழுப்பறையிலிருந்து மீதிச் சரத்தை எடுத்து, நகப்பூச்சு அழிக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். பஞ்சு நீலமானதும் முகம் விழுந்துவிட்டது. மொத்த வியாபாரி அவர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறான். அந்த இழுப்பறையை அப்படியே குப்பையில் கவிழ்த்தார். நிஜமான நீலப்பச்சை இப்போது கையில் இல்லையாம், இருப்பதாகப் பொய் சொல்ல மாட்டாராம். பதிலுக்குக் கருஞ்சிவப்புக் கார்னெட் மணி நாற்பது கொடுத்தார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கன்னத்தில் வைத்துப் பார், நிஜக் கல் என்றால் சில்லென்று இருக்குமாம்.

மகளுக்கும் பேத்திக்கும் என் அன்பு.
குருவி

*

பிப்ரவரி 2

குருவிக்கு அக்கா.

எல்லாரும் சௌக்கியம். முழங்கால் பழையபடியே.

கல் வந்தது. கன்னத்தில் வைத்தேன், நெற்றியில் வைத்தேன், சோப்பில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன். நிறம் போகவில்லை. ஆனால் ஓட்டையைப் பார்த்தாயா? நாற்பதில் மூன்றே மூன்றில்தான் என் கம்பி நுழைகிறது. ஊசி நுழையாத கல்லைக் கொடுத்து உன்னைச் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கிறான். சிரிக்கவைத்து விற்பவனை நம்பாதே. நம் அம்மாவிடம் அரை கஜத் துணியைக் குறைத்து அளந்தானே அந்தத் துணிக்காரன், அவனும் சிரித்துக்கொண்டேதான் அளந்தான். அவன் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முப்பத்தேழு மணியைத் திருப்பி அனுப்புகிறேன். மறுபடி போய்ச் சண்டை போடு. இந்தத் தடவை உட்காராதே.

அறைக்குச் சுவரில் விளக்குப் போட்டாயிற்று. திரைச்சீலை நிறம் சொல்லவில்லை நீ.

அக்கா

*

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ சொன்னபடி போனேன், சண்டை போட்டேன், உட்காரவில்லை. ஆனால் நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

ஊசி மாதிரி ஒரு அரம் வைத்திருக்கிறார். கல்லைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு ஓட்டையைக் கையாலேயே பெரிதாக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் சூட்டில் கல் விண்டுவிடுமாம். ஒரு கையில் கல், ஒரு கையில் அரம். கிண்ணத்தைப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் நான் பிடித்தேன். "சண்டைக்கு வந்தவங்கள வேலை வாங்குறேன் பாருங்க" என்றார். "சீக்கிரம் முடிங்க, இன்னும் பாதித் திட்டு பாக்கி இருக்கு" என்றேன். நடுவில் டீ வந்தது.

முப்பத்தேழும் அனுப்பியிருக்கிறேன். அறைக்கு நீ அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம் அக்கா.

குருவி

*

மார்ச் 1

குருவிக்கு அக்கா.

சௌக்கியம்தானே? உன் கடிதம் வர வர மெலிந்துகொண்டே வருகிறது. நீயும் மெலிகிறாயா?

நாற்பது மணியிலும் கம்பி வழுக்கிக்கொண்டு நுழைகிறது. ஒரு கல்கூட விளிம்பு சிதறவில்லை. குறை சொல்ல இடமே இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. கிண்ணம் பிடித்தது நீ என்பதால்தான் சரியாக வந்திருக்கிறது. போய் அப்படிச் சொன்னேன் என்று சொல். மே மாதம் மன்றத்தில் கண்காட்சி. ஐந்து மேசையில் ஒன்று எனக்கு. அதற்கு முத்து இரண்டு சரம் வேண்டும். சொட்டையைப் பார்த்துச் சிரித்துவிடாமல் கடுமையாகப் பேசி வாங்கு.

நீ ரிட்டயர் ஆவதற்கு உனக்கு ஒரு மோதிரம் சுற்றப்போகிறேன், நடுவில் ஒரு கார்னெட்டோடு. விரல் அளவு அனுப்பு. மெல்லிய காகிதத்தை விரலில் சுற்றி, மூட்டைத் தாண்டி வருகிறதா பார்த்து, சேருகிற இடத்தில் பேனாவால் கோடு போடு.

திரைச்சீலை நிறம் கேட்டு இது மூன்றாவது கடிதம். நான் எண்ணிக்கொண்டு வருகிறேன்.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னித்துக்கொள், அல்லது நாற்பது வருஷம் ஞாபகம் வைத்துக்கொள், உன் இஷ்டம். ஆபீசில் பழைய கோப்புகளை அடுத்தவளுக்கு ஒப்படைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

முத்து இரண்டு சரம் அனுப்பியிருக்கிறேன். மணிக்குமணி ஒரே அளவாக அவரே பொறுக்கிக் கொடுத்தார். விரல் அளவும் இத்துடன் இருக்கிறது. கடையில் மெல்லிய காகிதம் கிடைத்ததால் அங்கேயே எடுத்துவிட்டேன்.

திரைச்சீலை உனக்குப் பிடித்த நிறமே இருக்கட்டும்.

குருவி

*

ஏப்ரல் 4

குருவி, உனக்கு உடம்புக்கு என்ன?

உன் காகிதத்தை மோதிர அளவுக் கோலில் சுற்றிப் பார்த்தேன், நம்பாமல் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன். உன் விரல் என்ன அளவு என்று எனக்குத் தெரியாதா? நீ பிறந்த அன்று என் சுண்டுவிரலைப் பிடித்தது முதல் எனக்குத் தெரியும். உன் கல்லூரிக் காலத்தில் என் மோதிரம் உனக்குத் தொளதொளவென்று இருந்து, நூல் சுற்றிக்கொண்டு போனாய். இந்தக் காகிதமோ என் கட்டைவிரலைவிடப் பெரிதாக இருக்கிறது. இவ்வளவு வீங்கியிருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை! இதற்காகத்தான் கடிதம் மெலிந்ததா?

வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். "இது ஆம்பளை அளவு பாட்டி" என்றாள். இருபத்தாறு வயசு, அவளுக்கு என்ன தெரியும். காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன்.

"நோயாளி எங்க?" என்றார்.

"வேற ஊர்ல இருக்கா. விரல் மட்டும் வந்திருக்கு" என்று காகிதத்தை நீட்டினேன்.

"அம்மா, காகிதத்துக்கு நான் மருந்து எழுத முடியாது."

"வீக்கத்துக்குப் பொதுவா என்ன செய்யணும்னாவது சொல்லுங்க."

உப்பைக் குறைக்க வேண்டுமாம், ரத்தம் பரிசோதிக்க வேண்டுமாம். அந்த டாக்டர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மகள் லீவு போட்டுவிட்டு அங்கே வருகிறாள். துணிமணியை எடுத்து வை. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், அவளோடு வந்துவிடு. அறை தயார். திரைச்சீலை மஞ்சள்.

உப்பைத் தொடாதே.
அக்கா

*

ஏப்ரல் 7

அக்கா,

மகளை அனுப்பாதே. எனக்கு ஒன்றும் இல்லை. விரல் பழைய விரல்தான். மேசையில் இரண்டு காகிதம் கிடந்தது, மாற்றி வைத்துவிட்டேன். சரியான அளவு இத்துடன் இருக்கிறது. முன்னால் வந்தது வேறு ஒருவருடையது.

டாக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

குருவி

*

ஏப்ரல் 12

குருவிக்கு.

உன் விரல் நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

அந்த இன்னொரு விரல் யாருடையது என்று நீ எழுதவில்லை. நான் உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். கடையில் காகிதம், கடையில் மேசை, கடையில் டீ. சண்டை போடப் போன இடத்தில் ஒருத்தி கிண்ணம் பிடித்திருக்கிறாள். நானே தாள் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

சாயக்காரன்!

மஞ்சள் திரைச்சீலை தைத்து மாட்டியாகிவிட்டது. அதை மட்டும் தெரிந்துகொள்.

அக்கா

*

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மகள் போனில் நீ நலம் என்றாள். "பாட்டி கையில குறட்டை வெச்சுக்கிட்டு யாரையோ திட்டிக்கிட்டே இருக்காங்க" என்று பேத்தி சொன்னாள். யாரை என்று எனக்குத் தெரியும்.

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். நீ என்னைச் சண்டைக்கு அனுப்பியது மூன்று தடவை. நானாகப் போனது எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எண்ணுவது உன் வேலை. அவர் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மார்ச்சில் ஒரு நாள், முத்துப் பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நீங்க ரிட்டயர் ஆனா இங்க சண்டை போட யார் வருவா?" என்றார். நான் அடுத்த முத்தைப் பொறுக்கினேன். "பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். கையிலிருந்த முத்தை எல்லாம் கொட்டிவிட்டேன். இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுப் பொறுக்கினோம். அப்புறம் ஒரே நாற்காலிக்காக, நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று ஐந்து நிமிஷம். இரண்டு விரலையும் அளந்தது அன்றைக்குத்தான், சும்மா விளையாட்டுக்கு.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "எங்க அக்காவுக்கு முப்பத்தொரு வருஷம் முன்னாடியே வாக்குக் கொடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். நனைந்த குடை எனக்கும் ஞாபகம் இருக்கிறது அக்கா. "அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்று அவர் அதோடு விட்டுவிட்டார். மறுபடி கேட்கவில்லை.

நீ திரைச்சீலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் சொல்ல வாய் வராமல் போயிற்று. இப்போது சொல்கிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. காலையில் அந்தக் கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்க ஆசையாக இருக்கிறது. நீ வா என்றால் ஜூனில் வந்துவிடுவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆசை இருக்கிறது என்பதை உனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு உன் வீட்டில் வந்து உட்கார முடியாது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

குருவி

*

மே 17

அன்புத் தங்கை குருவிக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதம் ஆறாம் தேதியே வந்தது. இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கோபம் ஆற எனக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். பதினொரு நாள் எல்லாம் ரொம்பக் குறைச்சல்.

முதல் மூன்று நாள் உன்னை மன்னிப்பதில்லை என்று முடிவு செய்தேன். நாலாம் நாள், நீ இங்கே வந்தால் எப்படி இருப்பாய் என்று பார்த்துவிடலாம் என்று அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு. ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு துணிக்கொடியும் தெரிகிறது. பதினொரு மணிக்கு அந்தக் கொடியில் இருந்த சட்டைகளை எண்ணி முடித்துவிட்டேன். ஏழு. பன்னிரண்டு மணிக்கு எழுந்து நடந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு மணி ஆனதும் குறடு, கம்பி, மணியை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. நீ வந்திருந்தாலும் நான் கிளம்பியிருப்பேன். நீ உள்ளே உட்கார்ந்து சட்டை எண்ணிக்கொண்டிருப்பாய்.

உனக்காக அறை என்று ஊரெல்லாம் சொன்னேன். அது எனக்காகத்தான். சாயந்திரம் வரை யாரும் இல்லாத வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. உன்னிடம் இதை நேராகக் கேட்காமல், நீ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை முப்பத்தொரு வருஷம் பிடித்து வைத்திருந்தேன். அதை இன்றோடு விட்டேன். நான் ஒன்றை விடுவது இது முதல் தடவை. துணிக்காரனுக்கு இது பொருந்தாது.

சரி என்று சொல்லிவிடு அந்த மனுஷனிடம்.

கண்காட்சி முடிந்தது. மோதிரத்துக்கு எடுத்துவைத்த இரண்டைத் தவிர, கார்னெட் எல்லாம் போயிற்று. நீலக்காதுத் தையல்காரியே இரண்டு ஜோடி வாங்கினாள். கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி வந்தவர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுத்தேன். எங்கே கற்றேன் என்று சொல்லவில்லை.

இரண்டு காகிதமும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு மோதிரமும் நானே சுற்றுகிறேன். கடையில் வாங்கினால் வரமாட்டேன். அப்புறம், அந்த அறையை இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ஜன்னலோரம் என் மேசையைப் போட்டுவிட்டேன். நல்ல வெளிச்சம். வகுப்பில் இருந்து மூன்று பேர் வியாழக்கிழமைகளில் வேலை செய்ய வருகிறார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அதில் சேர்த்தி. நீங்கள் இங்கே வந்தால் கூடத்தில்தான் படுக்க வேண்டும்.

தேதி எழுது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பிரயாணத்துக்காக.

அக்கா

*

ஜூலை 2

அன்புத் தங்கை குருவிக்கு, அக்கா எழுதுவது.

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். முழங்கால்கூட என்னோடு ஒத்துப்போகிறது.

பதிவு ஆபீசில் நடந்ததை நினைத்து நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி இடம் மாறி உட்கார்ந்தாள். உன் விரலில் மோதிரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. உன் வீட்டுக்காரருக்கு மூட்டோடு நின்றுவிட்டதே! அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார், நீ தள்ளுகிறாய், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், சோப்பு இருக்குமா?" என்கிறார். கை கழுவுகிற இடத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடிய கல்யாணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஈரக் கையோடு திரும்பி வந்து என்னிடம், "அக்கா, இனிமே இதைக் கழட்டணும்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றார் இல்லையா? "அளவு காகிதத்துல இருந்தபடிதான் செஞ்சேன்" என்று நான் சொன்னது பொய். அரை அளவு குறைத்துத்தான் சுற்றினேன். கல்லைச் சுற்றுகிற கம்பி உள்பக்கம் கொஞ்சம் இடத்தைத் தின்னும், அதற்கும் இடம் விடவில்லை. தெரிந்தே செய்தது. அவரிடம் சொல்லிவிடாதே. சொன்னாலும் பரவாயில்லை.

சாட்சிக் கையெழுத்துப் போட எனக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. முழுப் பெயரும் போட்டேன். "கைநாட்டு வெச்சிருங்கம்மா, நேரமாகுது" என்று சொன்ன குமாஸ்தாவின் பெயரை விசாரித்து வைத்திருக்கிறேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. முக்கால் பக்கம் நீ, அடியில் அவர் இரண்டே வரி. இது செல்லாது. ஒரே உறையில் ஒட்டிக்கொண்டு வருகிற கடிதத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் தனித்தாளில், தனி உறையில், தனித் தபால்தலை ஒட்டி எழுதட்டும். வாரத்துக்கு இரண்டு கடிதம் எனக்கு வந்தாக வேண்டும். நானும் அவருக்குத் தனியாகத்தான் எழுதுவேன். இன்றைக்கு மூன்று பக்கம் எழுதித் தபாலில் போட்டாகிவிட்டது.

அதை நீ பிரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும்.
அக்கா